கோலுக்குக் குரல் இல்லை

தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 4:29-35



கடந்த சனிக்கிழமை மாலை நம் ஆலயத்திலிருந்து எழுந்த சத்தம் மலையடிவாரத்துத் தேநீர்க்கடை வரைக்கும் கேட்டதாகச் சிலர் சொன்னார்கள். ஆராதனையில் கிட்டார் வாசிக்கும் நம் தம்பிதான் அன்று பயிற்சி செய்துகொண்டிருந்தார். வாரமெல்லாம் ஓசூரில் வேலை செய்துவிட்டு, அரூர் வழியாகப் பேருந்து மாறி, ஓய்வுநாளுக்குத் தீர்த்தமலை வந்து சேருகிறவர் அவர். ராக் இசைக்கலைஞரின் வாசிப்பு ஆலயத்தில் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு வேறொரு வாரம் பதில் எழுதுகிறேன். இன்று எழுத விரும்புவது அவருடைய கண்ணீரைப் பற்றி.

ஆறு மாதங்களாக அவர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் நாதத்தைத் தேடுகிறார். பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டார் ஒன்றை வாங்கினார். ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல், அழுகுரல்போல் வளைக்கும் வா-வா பெடல் இரண்டையும் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்தார். தந்திகளை அரைச் சுரம் தாழ்த்தினார். நான் உள்ளே சென்றபோது தரையில் உட்கார்ந்திருந்தார்.

“ஐயா, எல்லாம் அவர் வெச்சிருந்த மாதிரியேதான் வெச்சிருக்கேன். ஆனா அந்தச் சத்தம் மட்டும் வரலைங்க ஐயா.”

ஹென்ட்ரிக்ஸைப் பற்றி நான் அறிந்ததில் பெரும்பகுதி இந்தத் தம்பி சொல்லித் தந்ததே. 1942இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தவர் அவர். இடக்கைப் பழக்கமுள்ளவர். வலக்கைக்காரருக்காகச் செய்யப்பட்ட கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். அப்படித் திருப்பியதால், அதிர்வை வாங்கும் சாய்வான பிக்கப்பும் திசை மாறியது. கனத்த தந்திகள் சற்றுக் கூர்மையாகவும், மெல்லிய தந்திகள் சற்று மென்மையாகவும் ஒலித்தன. கட்டைவிரலைக் கிட்டாரின் கழுத்துக்கு மேலே வளைத்துக் கீழ்ச்சுரத்தைப் பிடித்துக்கொண்டு, விடுபட்ட விரல்களால் இசையை அலங்கரித்தார். பெடலை மிதித்தபடியே கிட்டாரின் ஒலித் திருகைக் குறைத்து, கரகரப்பைத் தெளிந்த நாதமாக மாற்றவும் அறிந்திருந்தார். இவை எல்லாம் பொருத்தமில்லாத ஒரு கருவியோடு பல ஆண்டுகள் போராடிய ஒரு கை கண்டுபிடித்த வழிகள். அந்தக் கையோ கடைகளில் விற்கப்படுவதில்லை.

ஹென்ட்ரிக்ஸும் பிறரைக் கேட்டுத்தான் கற்றார். மடி வாட்டர்ஸ், பி.பி. கிங் போன்ற ப்ளூஸ் இசை மூத்தோரின் வாசிப்பை மனதில் ஏற்றினார். லிட்டில் ரிச்சர்ட் முதலானோருக்குப் பின்னே நின்று கூலிக்கு வாசித்தார். ஆகவே பின்பற்றுதல் குற்றமல்ல, அது பள்ளிக்கூடம். நம் பக்கத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா, கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்கிறவர். 2006இல் ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். அதில் தம் விரல்கள் அறிந்த கமகங்களை அவர் மறைக்கவில்லை. தாம் கற்ற இசையோடேயே தம் ஆசானைச் சந்தித்தார்.

தம்பியிடம் இவற்றைச் சொல்லும்போதே என் மனச்சாட்சி என்னைக் குத்தியது. இறையியல் கல்லூரியில் படித்த நாள்களில் ஒரு பெரிய பிரசங்கியாரை நான் மிகவும் நேசித்தேன். அவருடைய ஒலிநாடாக்களைக் கேட்டுக் கேட்டு, குரலை எங்கே உயர்த்துகிறார், எங்கே நிறுத்துகிறார், எங்கே தழுதழுக்கிறார் என்று குறித்துவைத்தேன். ஊழியத்தின் தொடக்கத்தில் ஓர் அடக்க ஆராதனை. வாலிப மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் கல்லறையருகே நின்றார். நான் அந்தப் பிரசங்கியாரின் குரலில் பேசினேன். அவர் தழுதழுக்கும் இடத்தில் நானும் தழுதழுத்தேன். எல்லாம் முடிந்தபின் அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “நல்லாத்தான் பேசினீங்க ஐயா. ஆனா எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து பேசுவீங்களே, அந்தக் குரல்லயே எம் மகனுக்காக ஜெபம் பண்ணியிருக்கலாங்க.”

அன்றிரவு நான் திறந்த பகுதியே இன்றைய தியானப் பகுதி. சூனேமியாளின் மகன் மரித்துக் கிடக்கிறான். எலிசா தம் கோலைக் கேயாசியிடம் கொடுத்து அனுப்புகிறார். கேயாசி செய்ததில் பிழை காண முடியாது. கோல் எலிசாவின் கோலேதான், சொல்லப்பட்டபடியே அதைப் பிள்ளையின் முகத்தின்மேல் வைத்தான். ஆனால் அங்கே சத்தம் எழவில்லை, உயிர் அசையவில்லை. அந்தத் தாயோ கோலை நம்பிப் போகவில்லை. தீர்க்கதரிசியை விடாமல் பற்றி நின்றாள். பின்பு எலிசா வந்தார். கதவைப் பூட்டினார், கர்த்தரை நோக்கி ஜெபித்தார், குளிர்ந்துபோன அந்த உடலின்மேல் வாயோடு வாயும், கண்ணோடு கண்ணும், கையோடு கையுமாகப் படுத்தார். அப்பொழுதுதான் பிள்ளையின் உடல் சூடேறியது.

பிரியமானவர்களே, பிறருடைய ஜெப வார்த்தைகள், பிறருடைய சாட்சியின் நடை, பிறருடைய பக்தியின் தோற்றம் என்று எத்தனை கோல்களை நாம் சுமந்து திரிகிறோம்! கோல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பவுலும் தம்மைப் பின்பற்றும்படி கொரிந்தியருக்கு எழுதினார், ஆனால் தாம் கிறிஸ்துவைப் பின்பற்றுகிறதுபோல என்று சேர்த்தே எழுதினார் (1 கொரி. 11:1). அவருடைய குரலை அல்ல, அவர் யாரை நோக்கி நடந்தாரோ அவரையே நாம் பின்பற்ற வேண்டும். துயரப்படுகிறவரின் அருகே நாம் போகாமல் கோலை மட்டும் அனுப்பினால், அங்கே சத்தம் பிறக்காது.

தம்பி மறுநாள் இரண்டு பெடல்களையும் கொண்டுவந்திருந்தார். காணிக்கைப் பாடலின்போது ஒன்றை மட்டும் மெதுவாக மிதித்தார். அது ஹென்ட்ரிக்ஸின் நாதம் அல்ல. ஓசூரிலிருந்து களைத்து வந்த கை ஒன்றின் நாதம். முன்வரிசையில் இருந்த பாட்டி ஒருவர் கண்களை மூடிக்கொண்டதைப் பீடத்திலிருந்து பார்த்தேன்.

ஜெபம்: எங்கள் குரலை எங்களுக்குத் தந்த ஆண்டவரே, இரவல் குரலில் உம்மிடம் பேசிய நாள்களை மன்னியும். துயரப்படுகிறவர்களின் அருகே எங்கள் சொந்தக் கைகளோடு போகக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.