மூன்று வாசல்களைப் பார்த்து வந்தோம்

மாடு வாங்கப் போனால் நாம் என்ன செய்கிறோம்? பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். சுழி பார்க்கிறோம். எத்தனையாவது ஈற்று, எவ்வளவு பால் கறக்கும் என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். ஆனால் நாம் பெற்ற பிள்ளையை நான்கு வருடம் ஒப்படைக்கப்போகும் கல்லூரியை மட்டும் பளபளக்கும் காகிதம் ஒன்றைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறோம். இந்தத் தவற்றைச் செய்தவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இந்தப் பயணக் கதையை உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

நான் தோட்டத் தமிழ்ப்பள்ளி வாத்தியார். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ்தான் என் படிப்பு. பல்கலைக்கழக வாசலை மாணவனாக மிதித்தவன் அல்லன். ஆனாலும் தோட்டத்தில் பிள்ளைகளின் மேற்படிப்பு என்றால் வாத்தியாரைத்தான் தேடி வருவார்கள். 2009-ஆம் ஆண்டு அப்படித்தான் என் பழைய மாணவன் ஒருவனின் பெற்றோர் வந்தார்கள். பையன் எஸ்.பி.எம். தேர்வில் கணக்கிலும் பௌதிகத்திலும் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தான். பட்டணத்துத் தனியார் கல்லூரி ஒன்றின் விளம்பரத் தாளை என் முன் விரித்தார்கள். "அங்கீகாரம் பெற்றது" என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "நல்ல இடம்தான், சேர்த்து விடுங்கள்" என்றேன். தகப்பனார் சேமநிதிப் பணத்தை எடுத்தார். தாயார் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது.

மூன்றாம் வருடத்தில்தான் உண்மை தெரிந்தது. கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்தது. அவன் படித்த பொறியியல் பாடத்துக்கு இல்லை! அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு பொறியியலாளராகப் பதிவு செய்ய முடியாது என்று அறிந்ததும் பையன் படிப்பை விட்டான். லோரி ஓட்டினான், இப்போது சொந்தமாக வேன் வைத்திருக்கிறான். என்னை எங்கே கண்டாலும் "வணக்கம் சார்" என்பான். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அந்த வணக்கம்தான் என்னைச் சுடும்.

2023-ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில் மறுபடியும் ஒரு தகப்பனார் என் வீட்டுக்கு வந்தார். செம்பனைக் குலை வெட்டுகிறவர். மகள் படிவம் ஆறில் படித்துக்கொண்டிருந்தாள். பொறியியல் படிக்க வேண்டும் என்று ஆசை. அவருக்கோ மகள் தூரமாகப் போய்விடக் கூடாது. "பக்கத்துல ஏதாச்சும் ஒரு காலேஜ் சொல்லுங்க சார். நீங்க சொன்னா சரிதான்" என்றார். எனக்கு 2009 நினைவுக்கு வந்தது. "நான் சொல்லமாட்டேன். நாம போய்ப் பார்ப்போம். நீங்களும் வரணும், பிள்ளையும் வரணும்" என்றேன். இரண்டு நாள் சம்பளம் போகுமே என்று அவர் தயங்கினார். பிறகு, "சரி, மண்டோர்கிட்ட சொல்லிடுறேன்" என்றார். வேனுக்கு யாரைக் கூப்பிட்டேன் என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பழைய மாணவனைத்தான். எண்ணெய்க் காசு மட்டும் போதும் என்று சொல்லிவிட்டான்.

புறப்படுவதற்கு முன்னால் பள்ளி நோட்டுப் புத்தகத்தில் மூன்று கேள்விகளை அந்தப் பெண்ணையே எழுத வைத்தேன். ஒன்று: நான் படிக்கப்போகும் இந்தப் பாடத்துக்கு அங்கீகாரம் உண்டா, எந்த ஆண்டு வரை? இரண்டு: சாப்பாடு, தங்குமிடம், பயணம் எல்லாம் சேர்த்து நான்கு வருடத்துக்கு எவ்வளவு ஆகும்? மூன்று: பட்டறையில் மாணவர்கள் தம் கையால் செய்யும் வேலை என்ன, போன வருடம் முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்?

முதல் கேள்வியை விளக்கிவிடுகிறேன். நம் நாட்டில் 1967-ஆம் ஆண்டுப் பொறியியலாளர் பதிவுச் சட்டப்படி, பொறியியலாளராகத் தொழில் செய்ய மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எந்தப் பட்டம் செல்லும் என்பதைப் பொறியியல் அங்கீகார மன்றம் ஒவ்வொரு பாடமாகச் சோதித்துப் பட்டியல் போடுகிறது. ஒரே கல்லூரியில் ஒரு பாடம் பட்டியலில் இருக்கும். பக்கத்துப் பாடம் இல்லாமலும் இருக்கலாம். வாஷிங்டன் ஒப்பந்தத்தில் மலேசியா 2009-இல் முழு உறுப்பு நாடானது. ஆகவே பட்டியலில் உள்ள பட்டம் உறுப்பு நாடுகளிலும் மதிக்கப்படும். 2009-இல் என் மாணவனுக்கு நான் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டிய பட்டியல் இதுதான்.

சுங்கை சிப்புட்டிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டோம். கோலக்கங்சார், தைப்பிங் கடந்து, பாரிட் புந்தார் பக்கம் வந்தபோது இரு பக்கமும் நெல் வயல். அடுத்தது பினாங்கு மாநிலம், நிபோங் திபால். வாசகர்களே, இந்த வட்டாரம் நமக்குப் புதிதல்ல. வெல்லஸ்லி மாகாணம் என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்திருந்த இந்தச் செபராங் பிறையில்தான், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு நம் முன்னோர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கினார்கள். அதே வட்டாரத்தில்தான் இன்று மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது. 2001-இல் இங்கே குடிவந்தது. விமானவியல், இரசாயனம், கட்டுமானம், மின்னியல், இயந்திரவியல், மூலப்பொருள் என ஆறு பிரிவுகள்.

முன்கூட்டியே தொலைபேசியில் பேசி அனுமதி வாங்கியிருந்தோம். வேன்காரத் தம்பி மட்டும் இறங்கவில்லை. "நீங்க போயிட்டு வாங்க சார், நான் இங்கேயே இருக்கேன்" என்றான். நான் வற்புறுத்தவில்லை.

மூலப்பொருள் பிரிவில் பாலிமர் பொறியியல் என்று ஒரு பாடம் இருக்கிறது. ரப்பர், பிளாஸ்டிக் முதலியவற்றைப் பற்றிய படிப்பு. அந்தப் பட்டறைக்குள் நுழைந்ததும் தகப்பனார் நின்றுவிட்டார். மூக்கைச் சுளித்து, "சார், இது அமோனியா. பால் கட்டியாகாம இருக்க ஊத்துறது" என்றார். செம்பனைக்கு மாறும் முன் இளம் வயதில் அவர் பால் மரம் வெட்டியவர். அங்கே கையுறை செய்யும் பாலைத்தான் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பட்டறைப் பொறுப்பாளர் மலாய்க்காரர். அவர் சிரித்துக்கொண்டே, "பாக்சிக்குத் தெரிந்திருக்கிறதே! அமோனியா குறைந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டார். தகப்பனார் தமக்குத் தெரிந்த மலாயில் விளக்கினார். பால் திரிவது, வாடை மாறுவது, மழை நாளில் பால் தண்ணீராய் இருப்பது எல்லாம் சொன்னார். பெண் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பல்கலைக்கழகம் என்றாலே நமக்குச் சம்பந்தமில்லாத இடம் என்று நாம் நினைக்கிறோம். பாட்டியும் அப்பாவும் வெட்டிய பாலுக்கு அங்கே நான்கு வருடப் படிப்பு இருக்கிறது!

மறுநாள் தெற்கே போனோம். ஈப்போவில் பசியாறிவிட்டு, உங்கு ஓமார் பாலிடெக்னிக்கைத் தாண்டினோம். 1969-இல் தொடங்கிய அதுதான் நாட்டின் முதல் பாலிடெக்னிக். எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகள் அங்கே டிப்ளோமா படித்து, நல்ல புள்ளி எடுத்துப் பிறகு பட்டப்படிப்புக்குப் போகலாம். படிவம் ஆறு எட்டவில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையும் சோர்ந்துவிட வேண்டாம்.

அடுத்து ஸ்ரீ இஸ்கண்டார். பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1997-இல் இங்கே தொடங்கியது. நேற்று நாங்கள் பார்த்த பொறியியல் வளாகம், நிபோங் திபாலுக்குப் போகும் முன் இங்கேதான் இருந்தது. ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய பூமி. பழைய குட்டைகள் இப்போது ஏரிகளாக இருக்கின்றன. பிறைபோல வளைந்த பெரிய கூரைகளின் கீழ் நடந்தே எல்லா இடத்துக்கும் போகலாம். அந்தக் கட்டடம் 2007-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. பெண் வாய் திறந்து பார்த்தாள். நானும்தான். ஆனால் நோட்டுப் புத்தகத்தின் இரண்டாம் கேள்விக்குப் பதில் வந்ததும் தகப்பனார் முகம் வாடியது. தனியார் பல்கலைக்கழகம், உபகாரச் சம்பளம் கிடைத்தால் பாக்கியம், கிடைக்காவிட்டால் நம்மால் தாங்க முடியாத பாரம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கட்டணத்தின் பெரும் பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. பி.டி.பி.டி.என். பணமும் கடன்தான், படிப்பு முடிந்ததும் திருப்பிக் கட்ட வேண்டியது. பலர் அதை உபகாரச் சம்பளம் என்று எண்ணிக்கொண்டு வாங்குகிறார்கள்.

கடைசியாகக் கம்பார். 2002-இல் அமைந்த துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் கம்பார் வளாகம் 2007-இல் திறந்தது. இலாப நோக்கில்லாமல் நடப்பது. இதுவும் ஈயக் குட்டைகளின் கரையில்தான் இருக்கிறது. இங்கே நாங்கள் இறங்கியபோது வேன் கதவு இன்னொரு முறை திறந்தது. தம்பியும் பின்னாலேயே வந்தான். விசாரணை மேசையில் பெண் முதல் கேள்வியைப் படிக்கத் தடுமாறினாள். அவன் முன்னால் வந்து, மலாயில் தெளிவாகக் கேட்டான். "இந்த ஒரு பாடத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா? தற்காலிகமா, முழுசா? எந்த வருஷம் சேர்பவர்களுக்கு? பட்டியலைக் காட்டுங்கள்." மேசையிலிருந்த அம்மையார் கணினியைத் திருப்பி மன்றத்தின் பட்டியலையே காட்டினார். அவன் விரல் வைத்து வரி வரியாகப் படித்தான். பதினான்கு வருடம் கழித்துக் கேட்ட கேள்வி அது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது இன்னொன்றையும் அவனே எங்களுக்குச் சொன்னான். "பொறியியல்" பட்டம் வேறு, "பொறியியல் தொழில்நுட்பம்" பட்டம் வேறு. இரண்டாவது குறைந்தது அல்ல. கை வேலையில் நாட்டமுள்ள பிள்ளைகளுக்கு ஏற்றது. ஆனால் வாரியத்தில் பதிவாகும் பிரிவு வேறு. பெயரில் ஒரு சொல் கூடியிருக்கிறதே என்று கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வருந்தக் கூடாது.

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கும், ஜொகூர் ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் எங்களால் போக முடியவில்லை. கையில் இருந்த பணம் அவ்வளவுதான். அந்த இரண்டு இடத்துக்கும் பெண்ணே தொலைபேசியில் அதே மூன்று கேள்விகளைக் கேட்டாள். பயணம் போக வசதியில்லாத பெற்றோர்களே, தொலைபேசியில் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. மலாய் சரியாக வராதே என்று கூசாதீர்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடம் என்றால், அந்தத் தயக்கமே நமக்குப் பதில்.

விண்ணப்பம் திறந்த பிறகு ஒரு நாள் மாலை என் வீட்டு மேசையில் உட்கார்ந்தோம். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரே விண்ணப்பம்; வேண்டிய பாடங்களை விருப்ப வரிசைப்படி போட வேண்டும். கல்வித் தேர்ச்சிக்குத் தொண்ணூறு விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்குப் பத்து விழுக்காடு என்று சேர்த்துப் புள்ளி பார்க்கிறார்கள். ஆகவே திடலில் விளையாடும் பிள்ளையை "புத்தகத்தை எடு" என்று எந்நேரமும் விரட்டாதீர்கள். பெயருக்காகப் பிடிக்காத பாடத்தை முதலில் போடாதீர்கள். எட்டக்கூடியவை சிலவற்றைக் கீழே கட்டாயம் போடுங்கள். தனியார் இடங்களுக்குத் தனியாக மனுச் செய்ய வேண்டும்.

"பக்கத்துல" என்று கேட்டு வந்த தகப்பனாரைப் பார்த்தேன். முதல் இடத்தில் எதைப் போடுவது என்று பெண் பேனாவோடு காத்திருந்தாள். நிபோங் திபால் பக்கம்தான். ஸ்கூடாய் நாட்டின் அந்தக் கோடி. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தப் பால் பட்டறையை முதல்ல போடும்மா. அது பக்கத்துல இருக்குங்கிறதுக்காக இல்ல. ரெண்டாவது ஸ்கூடாய் போடு. கெடைச்சா போ. வழி தெரிஞ்சிக்கிட்டா தூரம் ஒண்ணும் பெரிசு இல்ல" என்றார். அவள் எழுதினாள்.

பெற்றோர்களே, கல்லூரியின் பெயரையும் கட்டடத்தையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நேரில் போய் நின்று, மூன்று கேள்வி கேட்டு, எழுத்தில் பதில் பார்த்து, பிறகு முடிவு செய்யுங்கள். பிள்ளையைக் கூடவே அழைத்துப் போங்கள். கேட்கிற பழக்கம் அதற்கும் வரட்டும்.

போன வாரம் வேன்காரத் தம்பி வந்திருந்தான். அக்காள் மகனுக்காம், நோட்டுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு போனான். அவனிடம் நான் பட்ட கடன் தீர்ந்துவிடவில்லை. வட்டியில் கொஞ்சம் கட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.