அம்மா சமைக்காத பயணம்

நான் சிறுமியாக இருந்தபோது, எங்கள் வீட்டில் ஊருக்குக் கிளம்புவது என்றால் முதலில் கட்டிவைப்பது மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத்தான். துணிமணியெல்லாம் அதற்கப்புறம். சிவகாசியில் பஸ் ஏறி ராஜபாளையம், தென்காசி வழியாகக் குற்றாலம் போவோம். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை சாரல். பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளிக்கக் காசு கிடையாது. அரிசி, பருப்பு, புளி, வத்தல் எல்லாம் வீட்டிலிருந்தே வந்துவிடும். பஸ்ஸும் அறை வாடகையும் மட்டும்தான் கைச்செலவு. அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளை. ஊர் திரும்பியதும் ஒரு துண்டுத்தாளில் கூட்டிப் பார்த்து, "மொத்தமே இவ்வளவுதான் ஆச்சு" என்று பெருமையோடு சொல்வார்.

அந்தத் துண்டுத்தாளில் அம்மா இருந்ததில்லை. நாங்கள் அருவிக்கும் அறைக்குமாக ஓடிக்கொண்டிருப்போம். அம்மா காலைப் பலகாரம் முடித்து, பாத்திரம் கழுவி, மத்தியானத்துக்கு உலை வைத்துக்கொண்டிருப்பார். அருவியில் நனைந்த பிள்ளைகளுக்கு எப்படிப் பசிக்கும் என்று குற்றாலம் போனவர்களுக்குத் தெரியும். கிளம்புகிற அன்று, எல்லாவற்றையும் மூட்டை கட்டிய பிறகு, அவசரமாக ஒரு முழுக்குப் போட்டுவிட்டு ஈரத்தலையோடு பஸ்ஸில் ஏறுவார்.

அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் சம்பளத்தில் வேறு எந்த வழியிலும் எங்களுக்கு அருவியைக் காட்டியிருக்க முடியாது. கடன் வாங்காமல் காட்டினார் என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் குறைந்த செலவு என்று நாங்கள் கொண்டாடியதில் பெரும்பங்கை அம்மா தன் உடம்பால் கட்டினார். நானும் இப்போது ஓர் ஆப்செட் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஒரு செலவு ஏட்டில் வரவில்லை என்பதால் அது நடக்கவே இல்லை என்று ஆகிவிடாது.

அம்மாமேல் இருந்த பாசம் மட்டுமே என்னைச் சமையல் இல்லாத பயணத்துக்குக் கொண்டுவந்தது என்று சொன்னால் அது முழு உண்மையில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஸ்டவ், ரைஸ் குக்கராக என் கைக்கு வந்து சேர்ந்தது. லாட்ஜ் அறையின் மூலையில் உட்கார்ந்து தயிர்சாதம் பிசைந்தபோது, அம்மா அந்த வயதில் எவ்வளவு களைத்திருப்பார் என்பது எனக்கு உடம்பால் புரிந்தது. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவள் கைக்கு இது போகக் கூடாது.

அதனால் சென்ற முறை அரையாண்டு விடுமுறைக்குத் திட்டம் போட்டபோது ஒரே ஒரு விதி வைத்தேன். அம்மா சமைக்கக் கூடாது, நானும் சமைக்கக் கூடாது. மற்றதெல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். பணம் 15,000 ரூபாய். மாதம் 1,250 வீதம் ஓராண்டு வங்கியில் ஆர்.டி. கட்டிச் சேர்த்தது. நாங்கள் ஐந்து பேர்: கணவர், நான், அம்மா, ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன்.

மலை என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஆண்டுக் கடைசியில் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறை வாடகை ஏறி நிற்கும். நான் கும்பகோணத்தைச் சொன்னேன். அது முகூர்த்த ஊர். கல்யாணக் கூட்டம் வந்தால் நல்ல லாட்ஜ் அறைகளெல்லாம் மொத்தமாகப் போய்விடும். மார்கழியில் கல்யாணம் கிடையாது. சனி, ஞாயிறு நவக்கிரகக் கோயில்களுக்கு வருகிற கூட்டத்தையும் தவிர்த்து, வாரநாட்களில் வருவதாகப் போனில் சொன்னதும் வாடகையைக் குறைத்துக்கொண்டார்கள். மழை ஓய்ந்து, சம்பா பயிர் பச்சையாக நிற்கும் காலம் அது. சித்திரை வெயிலில் கோயில் கற்றளத்தில் கால் வைக்க முடியாது. மார்கழியில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடலாம்.

போகவர, தெரிந்தவர் ஒருவரின் வேனைக் கேட்டுப் பார்த்தோம். அவர் சொன்ன தொகையிலேயே என் ஆர்.டி. மொத்தமும் கரைந்துவிடும். செங்கோட்டை–மயிலாடுதுறை எக்ஸ்பிரஸ் எங்கள் ஊர் வழியாகவே கும்பகோணம் போகிறது. பகல் வண்டி. இப்போது முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்னால் 120 நாளாக இருந்தது. அந்த நாளைக் காலண்டரில் குறித்துவைத்துக் காலையிலேயே ஸ்லீப்பர் போட்டேன். முதியோர் கட்டணச் சலுகை 2020-இல் நின்றுபோனதால் அம்மாவுக்கும் முழு டிக்கெட். மகனுக்கு ஐந்து வயது ஆகாததால் டிக்கெட் இல்லை. மகளுக்கு மட்டும் ஒரு யோசனை. ஐந்து முதல் பதினொரு வயதுக் குழந்தைகளுக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் பாதிக் கட்டணம்தான். ஆனால் இடமில்லாத பிள்ளை பகல் முழுக்க யார் மடியில் உட்காரும்? அம்மாச்சி மடியில்தான். மகளுக்கு முழு டிக்கெட்டே எடுத்தேன். அந்த இடத்தில் தம்பியும் அவளும் மாறிமாறி உட்கார்ந்து வந்தார்கள். அம்மா ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து, திண்டுக்கல் வரைக்கும் வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தார்.

பயணச் செலவைக் குறைப்பதற்கு எத்தனையோ யோசனை சொல்வார்கள். ஒவ்வொரு யோசனைக்கும் பக்கத்தில், இதனால் வேலை யார் தலையில் விழும் என்று எழுதிப் பார்த்தேன். ரயில், வாரநாள், மார்கழி ஆகிய மூன்றும் யார் தலையிலும் விழவில்லை. மூன்றையும் எடுத்துக்கொண்டேன். கட்டுச்சோறு, அறையில் சமையல், துணியை அறையிலேயே துவைத்துக்கொள்வது ஆகியவை ஒரே ஆளின் தலையில்தான் விழுந்தன. அவற்றை விட்டேன். ரயிலிலும் வண்டியில் வந்ததை வாங்கித்தான் சாப்பிட்டோம்.

உள்ளூர்ப் போக்குவரத்துக்கு ஒதுக்கிய பணம் பெரும்பாலும் மிஞ்சியது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. தாராசுரம், சுவாமிமலை, திருபுவனம் எல்லாம் டவுன் பஸ் போகிற தூரம். அம்மா, நான், மகள் மூவருக்கும் இலவசம். சின்னவனுக்கும் வயது ஆகவில்லை. ஐந்து பேர் ஏறிய பஸ்ஸில் என் கணவர் ஒருவருக்குத்தான் காசு.

சாப்பாட்டுக்குத்தான் தாராளமாக வைத்திருந்தேன். மொத்தப் பணத்தில் ஏறக்குறைய பாதி. முதல் நாள் விடியற்காலை அம்மா எழுந்து தன் பையைத் துழாவினார். உள்ளே ரவைப் பொட்டலமும் ஒரு மின்சாரக் கெட்டிலும் இருந்தன. "பிள்ளைகளுக்குக் கடைச் சாப்பாடு ஒத்துக்காதும்மா" என்றார். நான் அவற்றை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. வேலை இல்லாத காலை நேரத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அறுபது வயதைத் தாண்டியவரிடமிருந்து அடுப்பை வாங்கினால் பதிலுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. கோயிலுக்குக் கூட்டிப்போனேன். சாரங்கபாணி கோயிலில் திருப்பாவை கேட்டுவிட்டு, பித்தளை டம்ளரில் காபி குடித்தோம். பிறகு ஒரு மெஸ்ஸில் இட்லிக்குக் கடப்பா ஊற்றினார்கள். அம்மா அதை நாக்கில் வைத்துப் பார்த்து, "பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, சோம்பு… தேங்காயும் அரைச்சு விட்டிருக்கான்" என்று எனக்கு விளக்கினார். இன்னும் கொஞ்சம் கேட்டும் வாங்கிக்கொண்டார். எனக்கு நினைவு தெரிந்து அவர் சாப்பாட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கியதைப் பார்த்ததில்லை. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யாரிடம் கேட்பார்?

தாராசுரத்தில் வெகுநேரம் இருந்தோம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில். உள்ளே போகக் கட்டணம் இல்லை. ஒரே தலையில் காளையும் யானையும் தெரிகிற சிற்பத்தைப் பிள்ளைகள் கையால் மாறிமாறி மூடித் திறந்து பார்த்தார்கள். கருவறையைச் சுற்றி, அடிப்பகுதியில் நாயன்மார் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக வரிசையாக இருக்கின்றன. அம்மா ஒவ்வொன்றிலும் குனிந்து குனிந்து நின்றார். எங்கள் பக்கத்து இளையான்குடிக்காரரான மாறநாயனார் கதையை மகளுக்குச் சொன்னார்: மழை ராத்திரியில் அடியார் வந்து நிற்கிறார், வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை, பகலில் விதைத்த நெல்லையே வாரிக்கொண்டு வருகிறார், விறகுக்குக் கூரைக் கட்டையை வெட்டிப் போடுகிறார்.

"நெல்லை வாரிட்டு வரலாம்னு யோசனை சொன்னது அவரு பொண்டாட்டி. ஈர நெல்லை வறுத்துக் குத்திச் சமைச்சதும் அந்தம்மாதான்" என்றார் அம்மா. "அந்த ராத்திரி அவ எப்பத் தூங்கியிருப்பா?"

மகள் என்னைப் பார்த்தாள். அம்மா அடுத்த சிற்பத்துக்கு நகர்ந்துவிட்டார்.

ஒருநாள் பாசஞ்சர் வண்டியில் தஞ்சாவூர் போய்ப் பெரிய கோயில் பார்த்தோம். 1010-இல் கட்டி முடித்த கோயிலின் புல்வெளியில் சாயங்காலம் அம்மா ஒருக்களித்துப் படுத்துவிட்டார். "மாப்பிள்ளை பாக்கப்போறாரு" என்று எழப்போனவரை, "நீங்க படுங்கத்தே" என்று என் கணவர் தடுத்தார். பிள்ளைகளை அவரே பார்த்துக்கொண்டார். நான் அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். நாங்கள் இருவரும் ஒன்றும் செய்யாமல் ஓர் இடத்தில் கிடந்தது அதுதான் முதல் தடவை.

15,000-க்குள் முடிந்தது. டவுன் பஸ்ஸில் மிஞ்சிய பணத்தில் திருபுவனத்தில் ஒரு பட்டு ரவிக்கைத் துணி வாங்கினோம். ஊர் திரும்பி நான் கணக்கை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அடுத்த தடவை சித்தியைக் கூட்டிட்டுப் போலாமா? அவளும் எங்கயும் போனதில்ல" என்று கேட்டார். சித்தி சாத்தூரில் இருக்கிறார். அவர் வீட்டிலும் இதே கதைதான். ஆறு பேர் என்றால் இன்னொரு அறை வேண்டும், சாப்பாட்டுச் செலவும் கூடும். ஆர்.டி.யை மாதம் 1,800 ஆக்கியிருக்கிறேன். தரங்கம்பாடிக்குப் போவதென்று அம்மாவும் சித்தியும் போனிலேயே பேசி முடிவு செய்துவிட்டார்கள்.