களாவேலி ஓரமாக

செவ்வாப்பேட்டை,
ஆடி மாதம்.

அன்புள்ள கயல்,

மே மாதத்து இங்கிலாந்தில் வேலியெல்லாம் வெள்ளையாய்ப் பூத்துக் கிடப்பதையும், அந்த ஹாத்தார்ன் பழத்தை அங்கே நெடுங்காலமாக இதயத்துக்கு மருந்தாகக் கொடுத்து வருவதையும் எழுதி, நம் பக்கம் அப்படி ஒன்று உண்டா என்று கேட்டிருந்தாய். உண்டு. நம் களா. ஹாத்தார்ன் ரோஜாக் குடும்பம், களா அரளிக் குடும்பம். உறவு எதுவும் இல்லை. ஆனாலும் முள், வெள்ளைப் பூ, பழம், வேலி, வைத்தியம் என்று எல்லா விதத்திலும் இரண்டும் ஒன்றாகவே நிற்கின்றன.

அரக்கோணம் லோக்கலில் செவ்வாப்பேட்டை ரோடில் இறங்கியதும் படிக்கட்டோரம் ஒரு ஆயா களாக்காயைக் கூறு கட்டி வைத்திருந்தார். ஆடி என்பதால் அடுத்த ஸ்டேஷனான புட்லூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டம் வண்டி நிறைய. எவரும் காயைத் திரும்பிப் பார்க்கவில்லை. "கூறு இருபது ரூபாதாம்மா. கீறி உப்புத் தண்ணியில போடு, பால் போயிடும். அப்பறமா மொளகாத்தூள் போட்டுக்க" என்றார். எங்கே பறித்தது என்று கேட்டேன். ஏரிக்கரைப் பக்கம் கை நீட்டினார்.

அந்தப் பக்கம் நடந்தேன். வழியெல்லாம் மனைப்பிரிவு, வெள்ளையடித்த கல், கான்கிரீட் தூண், முள்கம்பி. மிச்ச இடத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. அதற்குள் ஒரு பழைய தோப்பின் ஓரத்தில் மட்டும் களா நின்றது. கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே முள்; விரல் நீளம், சிலது நுனியில் கவையாகப் பிளந்திருந்தது. ஒரு காயைத் திருகினேன், காம்பில் வெள்ளைப் பால் துளிர்த்து விரலில் பிசினாய் ஒட்டியது. ஒரே கொத்தில் பச்சை, ரோஸ், கறுப்பு மூன்றும் இருந்தன. கறுத்ததைச் சின்னான்கள் முந்திக்கொண்டன.

உங்கள் ஊர் ஹாத்தார்னுக்கு ஒரு சோகக் கதை உண்டல்லவா? 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஊர்ப்பொது நிலங்களை வளைத்து அடைக்க மைல்கணக்கில் அதைத்தான் நட்டார்கள். களாவுக்கும் அப்படி ஒரு வேலை கொடுத்தார்கள் ஆங்கிலேயர். உப்பு வரி கட்டாமல் யாரும் உப்பைக் கடத்திவிடக் கூடாது என்று வட இந்தியாவின் குறுக்கே போட்ட சுங்க வேலியில் கருவேலம், இலந்தை, கள்ளியோடு களாவும் இருந்தது. அதை முனைந்து வளர்த்த அதிகாரி ஏ. ஓ. ஹியூம்; பின்னாளில் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1879இல் அந்த வேலியைக் கைவிட்டார்கள். ஏழையின் உப்பை மறிக்க நட்ட செடி என்று நினைக்கும்போது எனக்கு ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

நம் பழைய மரியாதை வேறு. களங்காயால் கண்ணியும் நாரால் முடியும் சூடிய சேரன் ஒருவன் பதிற்றுப்பத்தில் இருக்கிறான். களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல் என்றே அவன் பெயர். யாழின் கரிய கோட்டுக்குக் களங்கனியை உவமை சொல்கிறது புறநானூறு. இன்றோ அதே காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சிவப்புச் சாயம் ஏற்றி, செர்ரி என்று கேக்கின் தலையில் வைக்கிறார்கள். பிறந்தநாளுக்கு நாம் அடித்துப்பிடித்துத் தின்ற செர்ரியில் பாதி களாதான்!

வைத்தியத்தில் காய் பசியைத் தூண்டும் என்பார்கள். வேரைப் பிரசவத்துக்குப் பின் கொடுக்கும் வழக்கம் சித்த மருத்துவத்தில் உண்டு. வேரை மட்டும் நாமாகத் தொடக் கூடாது. களாவுக்கு நெருங்கிய ஆப்பிரிக்க உறவு ஒன்றிலிருந்துதான் அங்குள்ள வேட்டைக்காரர்கள் அம்புக்கு விஷம் எடுத்தார்கள். அதிலிருந்து 1888இல் பிரித்த உவாபெயின் பிறகு ஐரோப்பாவில் இதய மருந்தானது. உன் ஹாத்தார்னும் என் களாவும் இதயத்தருகே இப்படிச் சந்திப்பது எனக்குப் பெரிய வியப்பு.

திரும்பும் வழியில் ஒரு நர்சரியில் அழகுக்களா தொட்டியில் நின்றது. தென்னாப்பிரிக்கச் செடி, பெரிய பூ, பளபளக்கும் இலை. அழகுதான். ஆனால் இந்த மண்ணில் தண்ணீர் கேட்காமல் நிற்கிற நம் களாக் கன்று அங்கே ஒன்றுகூட இல்லை. கம்பிவேலிக்குக் கொட்டுகிற காசில் பத்திலொரு பங்கு போதும், நாலைந்து வருடத்தில் ஆடு நுழையாத வேலியும் ஆண்டுதோறும் ஊறுகாயும் கிடைக்கும். மனை வாங்கிய அண்ணனிடம் இதைச் சொல்லி இரண்டு பக்கத்துக்குச் சம்மதம் வாங்கிவிட்டேன். விதை காய்ந்தால் முளைப்பது குறைந்துவிடும் என்பதால் பழுத்ததைக் கழுவி உடனே போடப்போகிறேன்.

அங்கே ஹாத்தார்ன் பழத்தில் ஜெல்லி காய்ச்சுவார்களாமே, அக்கம்பக்கத்தில் கேட்டுப் பக்குவத்தை எழுது. களாவிலும் பெக்டின் தாராளம், நன்றாக உறையும்.

அன்புடன்,
உன் செல்வி