ஆலப்புழையிலிருந்து கோட்டயம்: அரசுப் படகில் (2)

சென்ற இதழில் காட்பாடியில் ரயிலேறி ஆலப்புழையில் இறங்கியதோடு நிறுத்தியிருந்தேன். ஸ்டேஷன் வாசலிலேயே ஒரு படகுவீட்டுத் தரகர் வந்து ஒட்டிக்கொண்டார். ஓர் இரவுக்கு ஒன்பதாயிரமாம், எனக்கு மட்டும் எட்டாயிரமாம். அரசுப் படகில் கோட்டயம் போகப்போகிறேன் என்றதும், "அது இப்ப ஓடலை சார், வழியில பாலம் ரிப்பேர்" என்றார். சுத்தமான தமிழ். அதுதான் எனக்கு ஆத்திரம். வெளியூரில் நம் பேச்சு காதில் விழுந்தால் மனசு இளகிவிடும். அந்த இளக்கத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறவர்களை என்னவென்று சொல்வது? "துறையிலேயே கேட்டுக்கிறேன்" என்று நடையைக் கட்டினேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே படகுத்துறை. படகு ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டரை மணி நேரப் பயணத்துக்குக் கட்டணம் முப்பது ரூபாய் அளவில்!

கேரள அரசு நீர்ப் போக்குவரத்துக்கென்று 1968-இலிருந்து தனித் துறையே நடத்துகிறது. படகுக்குள் மரப் பெஞ்சுகள் துடைத்த மாதிரி இருந்தன. யாரும் எச்சில் துப்பவில்லை. முன்னால் படகை ஓட்டும் ஸ்ராங்க் சக்கரத்தைப் பிடித்திருக்கிறார். அவர் கயிற்றை இழுத்து மணியடித்தால் எஞ்சின் அருகே இருப்பவர் வேகத்தை மாற்றுகிறார். ஒவ்வொரு துறையிலும் லஸ்கர் கயிற்றோடு தாவி இறங்கி, படகை இழுத்துக் கட்டி, கிழவிகளைக் கைபிடித்து ஏற்றிவிடுகிறார். அந்தக் கைப்பிடிப்பில் ஒரு மரியாதை இருந்தது. நம் ஊர் டவுன் பஸ்ஸில் அதைப் பார்த்து எத்தனை காலமாயிற்று.

ஊருக்குள் இருக்கும் கால்வாயைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக் பாட்டில், படகுவீடுகள் கசியவிட்ட டீசல். புன்னமடை தாண்டி வேம்பநாட்டுக் காயல் திறந்ததும்தான் மூச்சு வந்தது. எங்கள் ஆரணியின் கமண்டல நாகநதியில் மழைக்காலம் போனால் மணலைத்தான் பார்க்கலாம். அதன் கரையில் வளர்ந்தவனுக்கு இவ்வளவு தண்ணீரை ஒரே பார்வையில் பார்ப்பது பேச்சடைக்கும் விஷயம்.

பக்கத்தில் ஒரு வயதான அம்மா. மடியில் பொதிச்சோறு. ஆலப்புழை ஆஸ்பத்திரிக்கு மருமகளைப் பார்க்கப் போனவர், அங்கே கூட்டத்தில் சாப்பிட முடியாமல் திரும்பிக்கொண்டிருக்கிறார். "மோன் கழிச்சோ?" என்றார், சாப்பிட்டாயா என்று. இல்லையென்று தலையசைத்ததுதான் தாமதம், பொதியை எங்கள் இருவருக்கும் நடுவில் பிரித்துவிட்டார். அனலில் வாட்டிய வாழையிலை, உள்ளே சிவப்பரிசிச் சோறு, வறுத்த மத்தி, தேங்காய்ச் சம்மந்தி, ஒரு முட்டை ஆம்லெட், ஓரத்தில் மாங்காய். வாட்டிய இலையின் மணம் சோற்றில் ஏறியிருந்தது. மத்தியை முள்ளெடுத்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். நான் மறுக்க மறுக்க, "ஒற்றைக்குத் தின்னால் இறங்காது" என்கிற பொருள்பட ஏதோ சொன்னார். நான் எத்தனையோ ஊர்களில் காசு கொடுத்துச் சாப்பிட்டிருக்கிறேன். அந்த அரைப் பொதிக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன்.

கை கழுவ நான் படகோரம் குனிந்தபோது தடுத்து, பையிலிருந்து பாட்டில் தண்ணீரை ஊற்றினார். சுற்றிலும் தண்ணீர்தான், ஆனால் குடிக்க ஆகாது. அவர் வீட்டுக்குக் குடிநீர் படகில்தான் வருகிறதாம். ஆரணியில் ஆறு வறண்டது என்று நான் சொன்ன குறையை அவர் உச்சுக்கொட்டிக் கேட்டுக்கொண்டார். 2018 வெள்ளத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு இதே அரசுப் படகில் ஏறிப்போனதையும் சொன்னார்.

ஆர் பிளாக் என்ற இடத்தின் பக்கம் வரப்பின் இந்தப்புறம் காயல், அந்தப்புறம் வயல். வயல்தான் கீழே! கடல்மட்டத்துக்கு ஒன்று, இரண்டு மீட்டர் தாழ்வான நிலத்தில் நெல் விளைகிறது. நெதர்லாந்தில் கிண்டர்டைக் என்ற ஊரில் 1740 வாக்கில் கட்டிய 19 காற்றாலைகள் இன்றும் நிற்கின்றன. தாழ்நிலத்து நீரை இறைத்து வெளியேற்றக் கட்டியவை. இங்கே அந்த வேலையை மனிதர்கள் காலால் சக்கரம் மிதித்துச் செய்தார்கள், பிறகு எஞ்சின், மின்மோட்டார். 1940-களில் ஜோசப் முரிக்கன் காயலை மீட்டு உண்டாக்கிய சித்திரா, மார்த்தாண்டம், ராணி என்ற மூன்று வயல்களுக்கும் திருவிதாங்கூர் அரச குடும்பத்தை ஒட்டிய பெயர்கள். முங்கி முங்கிக் களிமண் அள்ளி வரப்பெழுப்பிய புலையர் சமூகத் தொழிலாளிகளின் பெயர் எதற்கும் வைக்கப்படவில்லை. நெசவாளர் வீட்டில் பிறந்த எனக்கு இது புதிதல்ல. கோர்வை போட்ட கையின் பெயர் எந்தப் புடவையிலும் இருக்காது.

இந்தப் படகுப் பாதையைப் போல நமக்கும் ஒரு நீர்வழி இருந்தது. காக்கிநாடாவிலிருந்து மரக்காணம் வரை ஓடிய பக்கிங்காம் கால்வாய். 1876-78 பஞ்சத்தில் கூலிக்கு மண் வெட்டியவர்கள் சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். அந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போன அனுபவத்தைத்தான் பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' என்று பாடினார். இன்று அதற்குள்ளேயே பறக்கும் ரயிலின் தூண்களை நட்டு, மிச்சத்தில் சாக்கடை விட்டிருக்கிறோம். முப்பது ரூபாய் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதை நினைத்தபோது வயிறு எரிந்தது. தண்ணீரும் நம்மிடம் இருந்தது, பஞ்சத்தில் வெட்டிய கைகளும் நம்முடையவை.

அந்த அம்மா ஒரு சின்னத் துறையில் இறங்கிவிட்டார். அதன்பின் வெயில் ஏறியது. வழி குறுகி, வாய்க்காலின் குறுக்கே தூக்குப் பாலங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் தூக்கும்வரை காத்திருப்பு. முதல் பாலத்தை எழுந்து நின்று பார்த்தேன், அடுத்தடுத்தவற்றுக்குத் தலை நிமிர்த்தவில்லை. கோட்டயம் கோடிமதைத் துறையில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது. துறையருகே டீ கேட்டேன். ஆறிப்போன டீக்கு இருபது ரூபாய் வாங்கினார்கள், கிளாஸும் சரியாகக் கழுவவில்லை.

நாளை வைக்கம். 2017-இல் நாட்டின் முதல் சூரியசக்திப் பயணிகள் படகான 'ஆதித்யா'வை விட்ட துறை அங்கேதான் இருக்கிறது. 1924 வைக்கம் போராட்டத்துக்காகச் சிறை சென்ற பெரியாருக்கு நம் அரசு எழுப்பிய நினைவகமும் அங்கேதான்.

(தொடரும்)