வேர் வேண்டுமா, கரை வேண்டுமா?

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் சாலையில் தெற்கே போய், கிழக்கே திரும்பி உப்பனாற்றைத் தாண்டினால் கால் புதையும் மணல் தொடங்கிவிடுகிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே நீளும் இந்த மணல் பட்டையில்தான் தியாகவல்லி, நொச்சிக்காடு, சித்திரைப்பேட்டை போன்ற ஊர்கள் இருக்கின்றன. சவுக்கு, முந்திரி, தென்னை, மணிலா ஆகியவற்றோடு இங்கே பேர் வாங்கிய இன்னொரு பயிர் வெட்டிவேர். இறுகாத மணலில் வேர் நேராக இறங்கும். தோண்டும்போது அறுபடாமல் வரும்.

வயலில் நட்ட வெட்டிவேரை ஏறக்குறைய ஓராண்டில் தோண்டிவிடுகிறார்கள். அங்கே எந்தத் தூரும் கிழடாவதில்லை. வீட்டுத் தோட்டத்தில் அழகுக்கும் கரைக்கும் நட்ட தூர்களின் கதை வேறு. அவற்றை யாரும் தோண்டுவதில்லை, அறுப்பதுமில்லை.

இந்தப் பகுதியில் ஒரு வீட்டின் கொல்லை, பின்பக்கம் சரிந்து ஒரு குட்டையில் முடிகிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது கொல்லையின் முந்திரி மரங்கள் சாய்ந்தன. மழைநீர் மணலை அரித்துக்கொண்டு குட்டைக்குள் போனது. அடுத்த ஆண்டு வீட்டுக்காரர் சரிவின் விளிம்பில் வெட்டிவேர் நாற்றை ஒரே வரிசையாக நட்டார். அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. வரிசை மட்டும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, நடைபாதை வரை சாய்ந்து, உள்ளே காய்ந்த சருகாக நின்றது.

சென்ற கோடையில் அதற்குள்ளிருந்து ஒரு கண்ணாடி விரியன் வெளியே வந்தது. அன்றிலிருந்து பேரப்பிள்ளைகளுக்குக் கொல்லைப் பக்கம் போகத் தடை. நெய்வேலியில் வேலை பார்க்கும் மகன், "ஜேசிபி வச்சு ஒரே நாள்ல எடுத்துடலாம்மா. வேரையும் வியாபாரி வாங்கிக்கிறேன்றாரு" என்றார். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. "உங்கப்பா கையால வச்சதுடா" என்று மட்டும் சொன்னார். பாம்பு பயமும் பொய்யில்லை, அம்மாவின் வருத்தமும் பொய்யில்லை. பேச்சு இரண்டு மாதம் இழுத்தது.

நடுவில் சருகு, சுற்றிலும் உயிர்

முடிவைக் கொண்டுவந்தவர், வெட்டிவேர் தோண்டும் வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு அம்மா. தூரைக் கையால் விலக்கிப் பார்த்தார். "நடுவுல செத்துப்போச்சு. சுத்தி உசுரோடதான்க்கா இருக்கு" என்றார். பிறகு மகனைக் கூப்பிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் காட்டினார். அங்கே கரையில் எதுவும் நடவில்லை. மணல் சரிந்து, விளிம்பில் நின்ற தென்னையின் வேர் வெளியே தெரிந்தது.

"தம்பி, வேரை வித்தா காசு ஒருதடவதான். அந்த வேர்தான் உங்க கரை. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார். மகன் பதில் பேசவில்லை. ஜேசிபிக்குச் சொல்லியிருந்ததை அன்றே நிறுத்தினார்.

வெட்டிவேர் பக்கவாட்டில் ஓடுவதில்லை. வேர் நேர்க்கீழாக ஆறேழு அடிக்கு மேலும் இறங்கி மண்ணைப் பிடிக்கும். தென்னாட்டில் பயிரிடும் வகை விதை மூலம் பரவாது. அதனால் கரைக்கு இதைவிட நல்ல புல் கிடைப்பது அரிது. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது அறுக்காவிட்டால் பழைய தாள் உள்ளேயே மக்காமல் தங்கி, நடுத்தூரை வெளிச்சம் படாமல் கொன்றுவிடும். பாம்புக்கும் எலிக்கும் அதுவே குடித்தனம்.

ஆவணியில் ஒரு காலை

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் துளிர் பிடிக்க வேண்டும் என்பதால் ஆவணியில் வேலை நடந்தது. முதலில் நீளக் கழியால் தூர்களைத் தட்டினார்கள். பாம்பு இருந்தால் போக வழி வேண்டுமே என்று ஒரு முனையிலிருந்தே தொடங்கினார்கள். முழுக்கைச் சட்டை, காலில் செருப்புக்குப் பதில் பூட்ஸ். தாளின் ஓரம் கையைக் கீறும்.

ஒவ்வொரு தூரையும் இடுப்புயரத்தில் கயிற்றால் இறுக்கிக் கட்டி, தரையிலிருந்து ஒரு அடி விட்டு அரிவாளால் அறுத்தார்கள். கட்டி அறுத்ததால் தாள் சிதறவில்லை. கட்டுக் கட்டாகத் தூக்கித் தென்னம்பாத்தியில் மூடாக்காகப் போட்டார்கள். தீ வைத்தால் சீக்கிரம் முடியும் என்று ஒருவர் சொன்னார். காய்ந்த தாள் சட்டென்று பற்றும். கூரை வீடுகள் உள்ள தெருவில் அது கூடாது என்று விட்டுவிட்டார்கள்.

பாதையை மறித்த இரண்டு தூர்களை மட்டும் எடுத்தார்கள். அதற்கு வேர் முழுவதையும் தோண்ட வேண்டியதில்லை. துளிர்ப்பது தூரின் அடிக்கட்டைதான். சுற்றிலும் கடப்பாரை போட்டு, முக்கால் அடி ஆழத்தில் வேரை வெட்டி, கட்டையைத் தூக்கினால் போதும். கீழே நின்ற வேர் முளைக்காது. பிடுங்கிய கட்டையை ஈரத்தில் போட்டால் மறுபடி வேர்விடும் என்பதால் தலைகீழாக வெயிலில் காயவிட வேண்டும்.

காயவிடும் முன் வெளிச்சுற்றிலிருந்து பச்சை நாற்றைப் பிரித்தார்கள். குத்துக்கு இரண்டு மூன்று தூர், தாள் ஒரு சாண், வேர் நாலு விரல். வரிசையில் இடைவெளி விழுந்த இடங்களில் அரை அடிக்கு ஒன்றாக நட்டு, மழை வரும்வரை தண்ணீர் ஊற்றினார்கள். வெட்டிய வேர் ஒரு கைப்பிடி அம்மாவின் மண்பானைக்குப் போனது.

எல்லாப் புல்லும் ஒன்றல்ல

அதே வீட்டில் துணி துவைக்கும் கல்லருகே எலுமிச்சைப்புல் இருந்தது. நாலைந்து ஆண்டானால் அதன் கட்டை மண்ணுக்கு மேலே ஏறி, தாள் மெலியும். அதை முழுதாகப் பெயர்த்து, வெளிப்புற இளந்தூர்களை மட்டும் புது இடத்தில் நட்டார்கள்.

வாசலில், நர்சரியில் வாங்கிய ஃபவுண்டன் கிராஸ். பூனை வால் போன்ற பூவுக்காக வைத்தது. பச்சைத் தாள் உள்ள இந்த வகை காற்றில் விதை பரப்பும்; பல நாடுகளில் களையாகிவிட்டது. இதற்கு முதல் வேலை, விதை உதிருமுன் பூக்கதிரை அறுத்துப் பையில் கட்டுவது. அதற்குப் பிறகே தூரைத் தோண்ட வேண்டும். விதையை எருக்குழியில் போடக் கூடாது. சில ஆண்டுகளுக்கு நாற்று முளைக்கும். பார்த்த இடத்தில் பிடுங்க வேண்டும்.

கோரையும் அருகும் வேறு வகை. கோரைக்குக் கிழங்கு, அருகுக்குக் கொடி. மேலே அறுப்பதால் இரண்டும் போகாது. ஒரு புல்லை எடுப்பதா, காப்பதா என்று முடிவு செய்யுமுன், அது தூரால் வளர்வதா, கொடியாலா, கிழங்காலா, விதையாலா என்று பார்த்தால் பாதி வேலை மிச்சம்.

புரட்டாசியில் அறுத்த தூர்களில் ஒரு சாண் துளிர் வந்துவிட்டது. ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மறுநாள் காலை, அம்மா குடையோடு கொல்லைக்குப் போய்ப் பார்த்தார். தண்ணீர் தூர்களுக்கு இடையே வடிந்து குட்டைக்குப் போயிருந்தது. மணல் கரையிலேயே நின்றது. பேரன் பின்னாலேயே ஓடிவந்து, "ஆயா, இனிமே இங்க விளையாடலாமா?" என்று கேட்டான்.

"விளையாடு. ஆவணி வந்தா அறுக்கணும்னு உங்கப்பன்கிட்ட ஞாபகப்படுத்து" என்றார்.