பத்தடி தூரத்தில் ஒரு பாட்டு!

உங்க போன்ல எத்தனை பாட்டு இருக்கு? ஆயிரம்? ரெண்டாயிரம்? அதுல உங்களுக்கு உயிரான ஒரு பேண்டை மட்டும் எடுத்துக்குங்க. அவங்க பாட்டை பஸ்ல கேட்டிருப்பீங்க, ஹாஸ்டல் மொட்டை மாடியில கேட்டிருப்பீங்க, அரியர் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி கேட்டிருப்பீங்க. சரி... அந்த பேண்டுல டிரம்ஸ் வாசிக்கிறவர், பாடகரை எப்போ நிமிர்ந்து பார்ப்பார்னு தெரியுமா? 'அதைத் தெரிஞ்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன் பாஸ்?'னு கேக்கறீங்கதானே! 2015 வரைக்கும் நானும் அந்தக் கட்சிதான்.

எனக்கு உயிரான பேண்டு 'அகம்'. பெங்களூருவில் 2003-ல ஆரம்பிச்சது. கர்நாடக சங்கீதத்தையும் ராக் இசையையும் ஒண்ணா முடிச்சுப் போடுற கூட்டம். 2007-ல சன் டி.வி-யோட 'ஊ ல ல லா' பேண்ட் போட்டியில ஜெயிச்சவங்க. 2012-ல 'தி இன்னர் செல்ஃப் அவேகன்ஸ்' ஆல்பம் வந்தது. அதே வருஷம் எம்.டி.வி. கோக் ஸ்டுடியோவுலயும் கலக்கினாங்க. இதுல ஸ்பெஷல் என்னன்னா, அந்த நாட்கள்ல பகல்ல கம்ப்யூட்டர் முன்னாடி ஆபீஸ் வேலை, ராத்திரியில மேடைன்னு ஓட்டினவங்க இவங்க!

அந்த ஆல்பத்துல 'ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி'ன்னு ஒரு பாட்டு. பேருதான் இங்கிலீஷ். உள்ளே இருக்கிறது தியாகராஜரோட 'பண்டுரீதி கோலு' கீர்த்தனை, ராகம் ஹம்சநாதம். இந்த விவரமெல்லாம் எனக்குப் பின்னாடிதான் தெரியும். ஆனா எம்.சி.ஏ. படிக்கிறப்போ ரூம்மேட்டோட லேப்டாப்புல முதல் தடவையா அதைக் கேட்டதும் சட்டுனு எழுந்து உக்காந்துட்டேன். 'அட... இது எங்க ஊரு பாட்டாச்சே!'

பந்தலுக்கு வெளியே ஒரு டீக்கடை!

எனக்குத் திருவையாறு. வருஷா வருஷம் பெரும்பாலும் ஜனவரியில காவிரிக் கரையில தியாகராஜர் ஆராதனை நடக்கும். நாட்டுல இருக்கிற பெரிய வித்வான்கள் எல்லாம் எங்க ஊருக்கு வந்து வரிசையா உக்காந்து பஞ்சரத்ன கீர்த்தனை பாடுவாங்க. அப்பாவுக்கு அங்கே டீக்கடை. அந்த நாலஞ்சு நாள் வியாபாரம்தான் எங்க வீட்டுக்குப் பொங்கல், தீபாவளி எல்லாம்!

நான் டம்ளர் கழுவிக்கிட்டே சங்கீதம் கேட்டு வளர்ந்தவன். கேட்டது பூரா கூம்பு ஸ்பீக்கர்லதான். பாடுறது யாருன்னு தெரியாது. வாசிக்கிறவங்க மூஞ்சியும் தெரியாது. உள்ளே போகக்கூடாதுன்னு யாரும் சொல்லலை. ஆனா கடையை விட்டுட்டு எப்படிப் போறது? அதோட ஒரு கூச்சம்... பட்டுப்புடவையும் ஜிப்பாவுமா உக்காந்திருக்கிற இடத்துல, டீக்கறை பட்ட டிரவுசரோட நாம எங்கே போய் உக்கார்றது? 'அவங்களுக்குப் பாட்டு, நமக்கு டீ'ன்னு மனசே ஒரு கோடு போட்டுக்கிச்சு.

சும்மா சொல்லக்கூடாது, எங்க ஊரு பாட்டுக்கும் இந்தக் கோட்டுக்கும் ஒரு பழைய கதை இருக்கு. தியாகராஜர் சமாதியில இப்போ இருக்கிற கோயிலை 1920-கள்ல தன் சொந்தச் சம்பாத்தியத்தைப் போட்டுக் கட்டினவங்க, பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபுல வந்த பாடகி. அந்தக் காலத்துல ஆராதனையில பெண்கள் பாட முடியாது. கோயிலைக் கட்டினவங்களே பாட முடியாதுன்னா எப்படி இருக்கும்? அம்மா அசரலையே! பெண்களைத் திரட்டி, தனியா ஒரு கோஷ்டி சேர்த்து, அங்கேயே பாட வெச்சாங்க. இன்னிக்கு ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுறாங்கன்னா அதுக்குப் பின்னாடி அவங்க பிடிவாதமும் இருக்கு.

'கைதட்டிப் பாரு தம்பி!'

கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்காக பெங்களூரு போனேன். பி.டி.எம். லேஅவுட்ல ஒரு பி.ஜி., நாலு பேருக்கு ஒரு ரூம். வந்த மூணாவது வாரமே இந்திரா நகர்ல ஒரு சின்ன கிளப்ல 'அகம்' ப்ரோக்ராம்னு போஸ்டர் பார்த்தேன். டிக்கெட் 500 ரூபா. என் மெஸ் பில்லுல கிட்டத்தட்ட பத்து நாள் சாப்பாடு! ரூம்மேட்ஸ் சிரிச்சாங்க. 'யூ டியூப்ல ஃப்ரீயா இருக்கேடா, லூஸு!'

அதுக்கு முந்தின வாரம்தான் வேற ஒரு பப் வாசல்ல 'தனியா வர்ற பசங்களுக்கு அனுமதி இல்லை'ன்னு திருப்பி அனுப்பியிருந்தாங்க. அதனால பயம். இருக்கிறதுலயே நல்ல சட்டையைப் போட்டு, ஐ.டி. கார்டை மூணு தடவை தொட்டுப் பார்த்து, ஒன்றரை மணி நேரம் முன்னாடியே போய் நின்னுட்டேன். இங்கே ஒண்ணும் கேக்கலை. கையில ஒரு சீல் குத்தி உள்ளே விட்டாங்க.

உள்ளே போனா... அவ்ளோதானா? எங்க ஊரு கல்யாண மண்டபத்துல சாப்பாட்டு ஹால் இதைவிடப் பெருசா இருக்கும்! இருநூறு பேர் நின்னா மூச்சு முட்டும். மேடை முட்டி உசரம். கம்பித் தடுப்பெல்லாம் கிடையாது. யாருமே வரலை. மிக்ஸருக்குப் பின்னாடி ஒரு அண்ணன் மட்டும் ஒயரோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தார். போன்ல தமிழ்ல யாரையோ திட்டினார். உடனே போய் ஒட்டிக்கிட்டேன். கிருஷ்ணகிரிப் பக்கமாம்.

"சவுண்ட் செக் முடிஞ்சிருச்சாண்ணே?"

"பாதி முடிஞ்சிருக்கு. மிச்சம் நீங்க வந்தாத்தான்."

"நாங்களா?"

"ஒரு தடவை கையைத் தட்டிப் பாரு தம்பி."

தட்டினேன். 'பட்'டுன்னு ஒண்ணு, பின்னாடியே சுவத்துல இருந்து 'டங்'குனு இன்னொண்ணு.

"காலி ரூம்ல சத்தம் சுவத்துல மோதி மோதித் திரும்பி வரும். ஆளுங்க வந்து நின்னா, உடம்பும் துணியும் அதை உறிஞ்சிக்கும். இப்ப நான் கரெக்டா வெச்சா, அப்ப மந்தமாயிடும். அதனால கொஞ்சம் கூர்மையா விட்டு வெச்சிருக்கேன். நீங்கள்லாம் வந்து நின்னாத்தான் சவுண்ட் செட் ஆகும்."

இன்னும் நிறைய சொன்னார். சின்ன ரூம்ல டிரம்ஸுக்கு ஸ்பீக்கர் தயவே பெருசா வேணாமாம். அதுவே காதைப் பிளக்கும். மத்ததை எல்லாம் அந்த அளவுக்குத் தூக்குறதுதான் அவரோட தலைவலி. மேடைத் தரையில சாய்ச்சு வெச்சிருக்கிற பெட்டிகள் நமக்கில்லை, பாடுறவங்களுக்கு. அவங்க குரல் அவங்களுக்கே கேக்கணுமே! நானும் ஆராதனை ஸ்பீக்கரையெல்லாம் பார்த்து வளர்ந்தவன்தான். ஆனா பாட்டு கேக்க வர்றவனும் சவுண்ட் சிஸ்டத்துல ஒரு பார்ட்டுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

அந்த எட்டு நிமிஷம்...

ஒன்பது மணிக்கு ரூம் நிறைஞ்சிருந்தது. திரும்பக் கையைத் தட்டிப் பார்த்தேன். சுவர் பதில் சொல்லலை! பேண்டு ஏறினாங்க. பத்தடி தூரம்கூட இல்லை.

முதல் அடியிலேயே நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. பேஸ் கிடார் காதுல கேக்கறது இல்லைங்க, வயித்துல கேக்கறது! ஸ்டேடியத்துல நூறு மீட்டர் தள்ளி நின்னா, மேடைப் பக்கமிருந்து சத்தம் வந்து சேரவே கால் செகண்டுக்கு மேல ஆகும். கை முதல்ல அடிக்கும், சத்தம் அப்புறம் வரும். இங்கே அந்த இடைவெளியே இல்லை. குச்சி தோல்ல படுறதும் நம்ம உடம்பு அதிர்றதும் ஒரே நேரம்.

இயர்போன்ல கடைசி வரைக்கும் கிடைக்காத விஷயங்கள் ஒண்ணொண்ணா கண்ணுல பட்டுது. பாட்டுக்கு நடுவுல ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் வயலினைக் காதுகிட்ட வெச்சு சுருதி பார்க்கிறது... ஒரு திருப்பம் வர்றதுக்கு முன்னாடி டிரம்மர் நிமிர்ந்து பார்க்க, இவர் லேசாத் தலையாட்டுறது... கிடாரிஸ்ட் காலால பெடலை மிதிக்கிறது... நான் நூறு தடவைக்கு மேல கேட்ட பாட்டு, ஆளுங்க சேர்ந்து அந்த நிமிஷம் செஞ்சுக்கிட்டு இருக்கிற சாமானா மாறிப்போச்சு. கொஞ்சம் அசந்தா உடைஞ்சிடும்னு தெரியுது. உடையாம இருக்கறப்போ நமக்கே பெருமையா இருக்கு!

அப்புறம் அந்தப் பாட்டு வந்தது.

எனக்கு இடது பக்கம் ஒரு நடுத்தர வயசு அக்கா, தொடையில தாளம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. வலது பக்கம் மெட்டாலிகா டி-ஷர்ட் போட்ட ஒருத்தன் தலையை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டினான். ரெண்டு பேரும் கரெக்டா ஒரே இடத்துல வந்து விழுந்தாங்க பாருங்க... சத்தியமா எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அந்தக் கீர்த்தனையோட அர்த்தத்தை அந்த அக்காதான் அப்புறமா சொன்னாங்க. 'ராமா, உன் காவலாளா நிக்கிற வேலையைக் கொடு'ன்னு கேக்கறாராம் தியாகராஜர். உள்ளே உக்கார்ற இடம் கேக்கலை, நிக்கிற வேலை கேக்கறார்! இத்தனை வருஷமா டம்ளர் கழுவிக்கிட்டே கேட்ட பாட்டுக்குள்ள இப்படி ஒரு விஷயம் இருந்திருக்கு!

பதினோரு மணிக்கு வெளியே வந்து அப்பாவுக்கு போன் போட்டேன். மொபைல்ல பிடிச்சிருந்த அரை நிமிஷத்தை, பி.ஜி-யில இருந்த இன்னொரு பையன் போன் மூலமா பேசிக்கிட்டே போட்டுக் காட்டினேன். அப்பாவுக்கு ராகமும் தெரியாது, ராக்கும் தெரியாது.

"டேய், இது நம்ம ஆராதனைப் பாட்டுல்ல... ஏன்டா இப்படி இடி இடிக்குது?"

"அது அப்படித்தாம்ப்பா."

"நீ எங்கே நின்ன?"

"முன்னாடிப்பா. மேடைக்கு நேரா. அவங்க வேர்க்கிறதுகூடத் தெரிஞ்சுது."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"உள்ளாறயே நின்னுட்டியா... சரி சரி. சாப்பிட்டியா?"

சின்ன இடம், பெரிய விஷயம்!

பெரிய பேண்டுகளோட பிறந்த வீடு எதுன்னு பார்த்தீங்கன்னா, எல்லாம் இந்த மாதிரி இடுக்குச் சந்துதான். லிவர்பூல்ல 'கேவர்ன் கிளப்' ஒரு நிலவறை. பீட்டில்ஸ் அங்கே 1961 பிப்ரவரியில இருந்து 1963 ஆகஸ்ட் வரைக்கும் கிட்டத்தட்ட 300 தடவை வாசிச்சிருக்காங்க. 1961 நவம்பர்ல அங்கே ஒரு மதிய ஷோவுல அவங்களைப் பார்த்துட்டுத்தான் ப்ரையன் எப்ஸ்டீன் மேனேஜர் ஆனார். நியூயார்க்குல 'சி.பி.ஜி.பி.' 1973-ல தொடங்கினது; ரமோன்ஸ், டாக்கிங் ஹெட்ஸ் எல்லாம் அங்கேதான் வளர்ந்தாங்க.

சோகம் என்னன்னா, இந்த மாதிரி இடங்களுக்கு ஆயுசு கம்மி. சி.பி.ஜி.பி-யே வாடகைத் தகராறுல 2006-ல மூடிட்டாங்க. மும்பையில 2007-ல ஆரம்பிச்ச 'ப்ளூ ஃப்ராக்' 2016-ல போச்சு. பெங்களூருவில 2013-ல ஆரம்பிச்ச 'ஹம்மிங் ட்ரீ' 2019-ல போச்சு. கணக்கு சிம்பிள். இருநூறு பேர் ரூம்ல ஐம்பது பேர் வராம வீட்டுல இருந்தா, கால்வாசிக் காசு காலி. ஸ்டேடியத்துல ஐம்பது பேர் வரலைன்னா யாருக்கும் தெரியாது. இங்கே ஒவ்வொரு தலையும் கணக்கு. அதனால 'மச்சி, ஃப்ரீ பாஸ் இருக்கா?'ன்னு கேக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. நமக்கு உயிரான பேண்டுன்னு ஸ்டேட்டஸ் போடுறது ஈஸி. அவங்க அடுத்த மாசமும் வாசிக்கணும்னா டிக்கெட் வாங்கணும்!

கிளம்புறதுக்கு முன்னாடி...

* தமிழ்நாட்டுல 21 வயசு ஆகாதவங்களுக்கு மது விற்கக்கூடாதுங்கறது சட்டம். அதனால பார் உள்ள இடம்னா வாசல்லயே வயசு பார்ப்பாங்க. உங்களுக்கு அந்த வயசு ஆகலையா? கஃபே, சின்ன அரங்கம், காலேஜ் கல்ச்சுரல்ஸ்னு எல்லா வயசுக்காரங்களையும் விடுற இடமாத் தேடுங்க.

* காதைப் பார்த்துக்குங்க. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல்னா வெறும் 15 நிமிஷம்தான்! நுரை இயர்ப்ளக் மெடிக்கல் ஷாப்லயே கிடைக்கும். கூச்சப்படாம மாட்டிக்குங்க.

* சவுண்ட் நல்லாக் கேக்கணும்னா மிக்ஸர் பக்கத்துல நில்லுங்க; அங்கே கேக்கறதை வெச்சுத்தான் அந்த அண்ணன் எல்லாத்தையும் செட் பண்றார். முகம் பார்க்கணும்னா முன்னாடி போங்க.

* போன்ல ஒரு அரை நிமிஷம் பிடிங்க, போதும். உங்க கை உசந்தா பின்னாடி நிக்கிறவருக்கு மேடையே தெரியாது.

* கடைசி பஸ் நேரத்தைப் போகும்போதே கேட்டு வெச்சுக்குங்க. ராத்திரி ஆட்டோக்காரர் சொல்ற ரேட்டு, டிக்கெட்டைவிட ஜாஸ்தியா இருக்கும்!

இன்னொண்ணு... 'இங்கிலீஷ் பேசுற கும்பல், பெரிய வீட்டுப் பசங்க, நாம போய் எங்கே நிக்கிறது?'ன்னு ஒரு கோடு மனசுல விழும். விழட்டும். அதைத் தாண்டி ஒரு அடி வைங்க. உள்ளே யாரும் உங்க ஊரு பேரைக் கேக்கப் போறதில்லை. நீங்க வந்து நின்னாத்தான் அங்கே சவுண்டே செட் ஆகும்!