ஒரு எண்ணுக்கு ஒரு கோடு

டிப்ளமோ முடித்தவனுக்கு மருத்துவ ஆராய்ச்சியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எனக்கும் அதே சந்தேகம்தான். 2004-ல் இன்ஸ்ட்ருமென்டேஷன் முடித்துவிட்டு, விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் ரத்த அழுத்தம் பற்றி ஆய்வு செய்த ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். கருவிகளைச் சரிபார்க்கத்தான் எடுத்தார்கள். ஒரே மாதத்தில், வீடு வீடாகப் போய் அளவெடுக்கும் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் தலையில் விழுந்தது.

பன்னிரண்டு பேர். பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். கையேடு ஆங்கிலத்திலிருந்து அலுவலகத்தில் யாரோ தமிழ்ப்படுத்தியது. 'பங்கேற்பாளரை முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் படியுமாறு அமரச் செய்து ஐந்து நிமிடம் ஓய்வளிக்கவும்' என்று வாசித்தேன். ஒரு அக்கா எழுந்தார். "தம்பி, எங்க ஊர்ல பாதி வீட்ல நாற்காலியே கிடையாது. எங்க சாய்றது?" டாக்டர்களுக்கும் தோன்றாத கேள்வி! மறு வாரமே ஆளுக்கொரு மடக்கு நாற்காலி வாங்கினார்கள்.

பிரச்சினை வந்ததும் அதே அக்காவுக்குத்தான். அப்போது பாதரசக் கருவி. அதில் கோடுகள் இரண்டிரண்டாகப் போகும். அளவுகள் 0, 2, 4, 6, 8 என்றுதான் முடியும். அதனால் பூஜ்யம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் வர வேண்டும். அக்காவின் படிவங்களில் பாதிக்கு மேல் பூஜ்யம். 138 இருப்பவருக்கு 140 என்று எழுதினால் அவர் ரத்தக்கொதிப்புப் பட்டியலில் சேர்ந்துவிடுவார். சின்ன விஷயமா?

"வீட்ல உக்காந்து எழுதியிருக்கு, அனுப்பிடலாம்" என்றார் மேற்பார்வையாளர். நான் இரண்டு நாள் அக்காவின் கூடவே நடந்தேன். ஒரு வீட்டையும் அவர் விடவில்லை. காற்றைத்தான் சர்ரென்று இறக்கினார். முதல் சத்தம் காதில் விழுவதற்குள் பாதரசம் நாலைந்து கோடு தாண்டிவிடும். கண்ணில் படுவது எண் போட்ட பெரிய கோடுதான். கையேட்டில் 'மெதுவாக இறக்கவும்' என்று மட்டும் இருந்தது. நொடிக்கு 2 மி.மீ. என்ற கணக்கு தமிழுக்கு வரும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவருக்கு எது மெதுவு?

லண்டனில் ஜெஃப்ரி ரோஸ் என்ற மருத்துவர் 1960-களிலேயே இதே தொல்லையைப் பார்த்தவர். சத்தங்களை டேப்பில் பதிந்து, அளப்பவர்களைக் கேட்க வைத்துப் பழக்கினார். எங்களிடம் டேப் இல்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கும் ஸ்டெதாஸ்கோப் இருந்தது. நானும் அக்காவும் கேட்டு, ஒருவருக்கொருவர் காட்டாமல் தனித்தனியாக எழுதி, பிறகு ஒப்பிட்டோம்.

அந்தப் பக்கத்தையும் மாற்றினோம். வாசகம் அக்கா சொன்னதுதான்: 'ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டுன்னு மனசுக்குள்ள எண்ணுங்க. ஒரு எண்ணுக்கு ஒரு கோடு இறங்கணும்.' கையேட்டில் இப்படிப் பேச்சு நடையா என்று அலுவலகத்தில் முகம் சுளித்தார்கள். மூன்று வாரத்தில் பூஜ்யங்கள் ஐந்தில் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்ததும் அந்தப் பேச்சு நின்றது.

அடுத்த ஆண்டு புதுக் குழு வந்தபோது அந்தப் பக்கத்தை நடத்தியது அக்காதான். நான் பின்வரிசையில் உட்கார்ந்து ரப்பர் குழாய்களில் ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தேன்.